ஓட்வார் விட்டுவைத்த இடைவெளி

ஒஸ்லோவில் தமிழர் யாரிடமாவது சின்னராசாவைத் தெரியுமா என்று கேட்டால், "எந்தச் சின்னராசா?" என்பார்கள். "புளூஸ் சின்னராசா" என்றால் போதும், உடனே ஒரு சிரிப்பு வரும். அதில் பாதி நக்கல், பாதி பெருமை. பொங்கல் விழாவில் பிள்ளைகள் வீணையும் மிருதங்கமுமாக மேடை ஏறி இறங்கி முடிந்த பிறகு, இந்த மனிதர் கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிற்றாரோடு வருவார். கண்ணை மூடுவார். கம்பி ஒன்றை விரலால் மேலே தள்ளி வளைத்து, யாரோ விம்முகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்புவார். சனம் மரியாதைக்குக் கைதட்டும். "நல்லாத்தான் கிடக்கு, ஆனா ஒரு சினிமாப் பாட்டு வாசிச்சிருக்கலாம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கும். அது சின்னராசாவுக்கும் கேட்கும். கேட்காத மாதிரி இறங்கிப் போவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனிதர் கெட்டவர் இல்லை. அறுபது தாண்டிவிட்டது. புறநகரான ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடியில் மனைவி கிருஷ்ணகுமாரியோடு இருக்கிறார். மகள் துஷ்யா துரொண்ட்ஹெய்மில் படித்து அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். அகதியாக வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போக மீன் வெட்டியவர், பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ட்ராம் திருத்தும் பட்டறையில் சேர்ந்தார். கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். போகப்போகத் திருத்தவும் கற்றுக்கொண்டார். யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்தவர் இல்லை. ஆனால் கெடுதல் நினைக்காமலே செய்யக்கூடிய காரியங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றனவே, என்ன செய்ய!

பட்டறையில்தான் ஓட்வார் அறிமுகமானார். தாடியும் வயிறுமாக ஒரு பெரிய நோர்வேக்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே சின்னராசாவுக்கு ஆங்கில ரொக் பாட்டு என்றால் பைத்தியம். வானொலியில் கேட்டுக் கேட்டே கிற்றார் பழகினவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "கிற்றார் எண்டால் அது இங்கிலீஷ்காரன்தான். அவனை அடிக்க ஆளில்லை" என்று தனக்குத் தெரிந்த நொர்ஸ்க் மொழியில் அளந்துவிட்டார். ஓட்வார் அடுத்தநாள் ஒரு பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கப்பலில் வேலை செய்த அவருடைய சிற்றப்பா எந்தக் காலத்திலோ அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்ததாம். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்த சின்னராசா அப்படியே இருந்துவிட்டார். தான் தலையில் தூக்கி வைத்து ஆடிய வெள்ளைக்காரப் பையன்களின் வாசிப்பு அத்தனையும் அதில் கிடந்தது. வளைக்கிற விதம், இழுக்கிற விதம், ஒரு சுரத்தை எட்டியும் எட்டாமலும் விட்டுவைக்கிற விதம், எல்லாமே. வாசித்தவரோ மிசிசிப்பியில் பருத்தி பொறுக்கிய ஒரு கறுப்பு மனிதர்.

"என்னை ஏமாத்திப்போட்டாங்கள்!" என்று கிருஷ்ணகுமாரியிடம் கத்தினார்.

"ஆர்?"

"எல்லாரும்!"

அன்று பிடித்த புளூஸ் பேய் பிறகு இறங்கவேயில்லை. தேடித் தேடிக் கேட்டார், தேடித் தேடிப் படித்தார். நூலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூப்பிட்டால் போய்ப் பேசவும் தொடங்கினார். பேச்சென்றால் சும்மா பேச்சில்லை, சன்னதம். கிற்றார் வாங்க வழியில்லாதவர்கள் வீட்டுச் சுவரில் கம்பி ஒன்றை ஆணியடித்து இழுத்து, போத்தலால் உரசி வாசித்த கதையில் தொடங்குவார். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ரயிலேறிச் சிக்காகோவுக்குப் போனது. அங்கே குடிக்கிற தவறணைச் சத்தத்தில் கிற்றார் கேட்காமல் போக, மின்சாரத்தில் கொழுவி ஒலிபெருக்கிப் பெட்டி அலறுமட்டும் முடுக்கியது. அந்தத் தட்டுகள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், அங்கத்தைப் பையன்கள் வரி வரியாகப் பாடமாக்கியது. மடி வாட்டர்ஸ் என்ற கறுப்புப் பாடகர் பாடிய ஒரு பாட்டின் பெயரையே ஒரு கூட்டம் தங்கள் குழுவுக்கு வைத்தது. பிறகு அதையே ரொக் என்று பெயர் போட்டு அமெரிக்காவுக்கே திருப்பி விற்றது. இதெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் குரல் தழுதழுக்கச் சொல்வார்: "இசை முன்வாசலாலை போனது. அதை உண்டாக்கின ஆக்களைக் குசினிக் கதவாலைதான் உள்ளுக்கு விட்டவங்கள். சாப்பாடும் வெளியிலை வைச்சுத்தான் குடுத்தவங்கள். மனுசரோ இவங்கள்?"

கேட்டவர்களுக்குக் கண் கலங்கும். முன்வரிசையில் எப்போதும் கிருபன் இருப்பான்.

கிருபனும் பட்டறையில்தான் வேலை. சின்னராசாவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், பிந்தி வந்தவன். வேலைக்கு வந்த முதல்நாளே சின்னராசா ஆசையாய்க் கேட்டார்: "தம்பி ஊரிலை எவ்விடம்?" யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அது ஊரை அறியக் கேட்கிற கேள்வி என்று நினைக்கிறவர்கள் விபரம் தெரியாதவர்கள். கிருபன் ஊரைச் சொன்னான். சின்னராசாவின் ஊரேதான். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று இவர் கேட்க, அவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தையும் சொன்னான். "ஓ... ஓ... நல்லது, நல்லது" என்றவர், குளிர் கூடிவிட்டதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பறைமேளம் வாசிக்கிறவர்கள். செத்தவீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் வந்து, வாசல் படலைக்கு வெளியே நின்று வாசித்துவிட்டுப் போகிறவர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே ட்ராமின் அடியில் படுத்து வேலை செய்தார்கள். தம்பி, அண்ணை என்றுதான் பேச்சு. ஆனால் ஹொல்ம்லியா வீட்டுக்குப் பட்டறைக்காரர் எல்லாரையும் விருந்துக்கு அழைத்த முதல் தடவை கிருபனைக் கூப்பிட விட்டுப்போயிற்று. அடுத்த முறையும் விட்டுப்போயிற்று. கிருஷ்ணகுமாரி ஏனென்று கேட்டதற்கு, "அவன் வரமாட்டான், கூச்சக்காரன்" என்றார்.

ஓட்வாரோடோ அப்படி ஒரு சிநேகிதம்! கிழமைக்கு ஒருமுறை அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு பேரும் இருந்து வாசிப்பார்கள். ஓட்வார் பாடுவார், சின்னராசா கிற்றார். புளூஸில் பாடுகிறவன் ஒரு வரியைப் பாடிவிட்டு வாயை மூடுவான். மிச்ச இடம் கிற்றாருக்கு. அது பதில் சொல்லி முடிந்த பிறகுதான் அடுத்த வரி. பதில் வராவிட்டால் பாட்டே நொண்டி. ராசா என்றால் அரசன் என்று அறிந்ததும் ஓட்வாருக்குத் தாளமுடியாத சந்தோஷம். "புளூஸில் ஏற்கெனவே கிங் என்ற பெயரில் மூன்று கிற்றார்காரர் இருக்கிறார்கள். நீ நாலாவது" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சின்ன மதுச்சாலைகளிலும், ஒருமுறை நூத்துடன் என்ற ஊரில் புளூஸ் விழா நடக்கும் நாளில் அந்த ஊர்த் தெருவோரத்திலும் இரண்டு பேரும் வாசித்தார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்குவார். அப்படி ஒரு சோடி.

போன வருடம் ஓட்வாருக்குச் சுவாசப்பையில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவமனையில் ஒரு மத்தியானம், மனைவி மக்டலீனும் பக்கத்தில் இருக்க, ஓட்வார் சொன்னார்: "என் சவச்சடங்கில் தேவாலய ஓர்கன் வேண்டாம், ராசா. நம்முடைய மெதுவான பாட்டைத்தான் போடவேண்டும். நீ வாசிப்பாய் அல்லவா?"

"வாசிக்காமல்? விசர்க் கதை கதைக்காதை, நீ எழும்பி வருவாய்" என்றார் சின்னராசா. வாக்குத்தான் அது. கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கு.

ஓட்வார் எழும்பி வரவில்லை. வைகாசியில், மரமெல்லாம் பச்சை பிடித்த நேரத்தில் போய்விட்டார். மறுநாள் மக்டலீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுதாலும் தெளிவாகப் பேசினாள். "அவன் பாட்டை என் போனில் பாடிப் பதிந்து வைத்திருக்கிறான், ராசா. மூச்சு வாங்கி வாங்கிப் பாடியிருக்கிறான். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் உனக்கு இடம் விட்டிருக்கிறான். சிற்றாலயத்தில் அதை ஒலிபெருக்கியில் போடுவோம். நீ பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பதில் வாசித்தால் போதும்."

பெட்டிக்குப் பக்கத்தில். சின்னராசா அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். பிணத்துக்குப் பக்கத்தில் இருந்து, சனம் பார்க்க, கையில் வாத்தியத்தோடு தான். பட்டறையில் வேலை செய்கிற தமிழர் எல்லாரும் வருவார்கள். யாராவது போனில் பிடித்துப் போடுவான். 'சின்னராசா இப்ப செத்தவீட்டுக்கும் வாசிக்கிறாராம்' என்று பேர்கனில் இருக்கிற மச்சான் வரைக்கும் கதை போகும். செத்தவீட்டில் வாசிக்கிறது யாருடைய வேலை? இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது அவருக்குள்ளேயேதான் இருந்தது. நூலகத்தில் தொண்டை கிழியக் கத்திய அதே நெஞ்சுக்குள், சட்டையைக்கூட மாற்றாமல், சும்மா இருந்தது.

"மக்டலீன்," என்றார், "எங்கள் கலாசாரத்தில் இறந்தவர்களுக்காக வாத்தியம் வாசிப்பதில்லை. அது பெரிய குற்றம். நான் வருகிறேன். ஆனால் வாசிக்க முடியாது."

மறுமுனையில் அந்தப் பாவி மனுசி மன்னிப்புக் கேட்டாள். "ஐயோ, எனக்குத் தெரியாது. உன்னை இப்படிச் சங்கடப்படுத்தியிருக்கக் கூடாது. ஓட்வாருக்கும் தெரிந்திருக்காது. மன்னித்துக்கொள், ராசா." கலாசாரம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் நோர்வேக்காரர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது சின்னராசாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட கிருஷ்ணகுமாரி வெளியே வந்தாள்.

"என்ன சொன்னனீங்கள் அந்த மனுசிக்கு?"

"வாசிக்க ஏலாது எண்டனான்."

"ஏன் ஏலாது? கை முறிஞ்சு போச்சே?"

"உனக்கு விளங்காது. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுற நேரம். சனம் என்ன சொல்லும்?"

"துஷ்யா தன்ரை சம்பந்தத்தைத் தானே பேசி முடிச்சு ஒரு வருசமாச்சு. உங்களுக்குத்தான் இன்னும் சொல்லேல்லை" என்றாள் கிருஷ்ணகுமாரி. சின்னராசா வாயைப் பிளந்தார். "அதை விடுங்கோ, பிறகு கதைப்பம். அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்தனீங்கள் எல்லோ? போன் எடுத்துச் சொல்லுங்கோ, வாசிக்கிறன் எண்டு. இன்னும் நாள் கிடக்கு."

நாள் இருந்தது. இங்கே இறந்தவரை அடக்கம் செய்ய ஒரு கிழமைக்கு மேலாகும். அந்த நாள்கள் முழுக்கச் சின்னராசா தொலைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தார். நான் வாசிக்காவிட்டால் அந்தப் பதிவைப் போடமாட்டார்கள், ஓர்கன்காரன் யாரையாவது பிடிப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கிற்றார் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். எடுக்கலாம், எடுக்கலாம் என்றே அந்த நாளும் வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் நல்ல கூட்டம். வெள்ளைப் பெட்டியின் மேல் பூ. பட்டறை ஆட்கள் ஒரு பக்கம். கிருபனும் கோட்டுப் போட்டு வந்து நடுவில் இருந்தான். சின்னராசா மூன்றாம் வரிசையில், பக்கத்தில் கிருஷ்ணகுமாரி. யாரோ பேசினார்கள், யாரோ எதையோ வாசித்தார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

ஓட்வாரின் குரல். மூச்சு வாங்குகிற, நலிந்துபோன, ஆனாலும் அதே குரல். முதல் வரியைப் பாடியது. நின்றது.

ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். அவர் மூச்சு விடுவது மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. காலால் தரையில் தாளம் தட்டுகிற சத்தமும் கேட்டது. சின்னராசா எப்போது தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, நோய்க் கட்டிலில் இருந்து தட்டிய தாளம். இடம் முடிந்தது. அதே வரியை இரண்டாம் முறை பாடினார். மறுபடியும் நிறுத்தினார். மறுபடியும் ஒன்றுமில்லை. "ஆம், அப்படித்தான்" என்று அந்த இடைவெளியின் முடிவில் மெல்லச் சொல்லிச் சிரித்தார் ஓட்வார். நிலக்கீழ் அறையில் சின்னராசா நன்றாக வாசித்தால் அவர் எப்போதும் சொல்கிற சொல் அது. வாசிப்பான் என்று நம்பி, முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

சின்னராசாவின் இடக்கை விரல்கள் மடியில் இல்லாத கம்பியை அழுத்தின. கிருஷ்ணகுமாரி அவர் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டோ நீளமான பாட்டு. வரி, வெறுமை, வரி, வெறுமை. எழும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஐயோ, கட்டிலுக்கடியில் கிடக்கிறதே, ஒரு மணி நேரம் முன்னம் புத்தி வந்திருந்தாலும் கொண்டுவந்திருக்கலாமே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தப் பாட்டு இனி ஒருபோதும் பதிலோடு கேட்கப்போவதில்லை. இன்றைக்கு மட்டும்தான் அதற்கு நேரம் இருந்தது. அது அவர் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து, பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் கேக்கும். அங்கே எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசுவது இங்கத்தை வழக்கம். மக்டலீன் எழுந்தாள். "பாட்டில் ஏன் அவ்வளவு மௌனம் என்று சிலர் யோசித்திருப்பீர்கள். அது ராசாவின் மரியாதை. அவர்களுடைய கலாசாரத்தில் இறந்தவர்களுக்கு இசை வாசிப்பதில்லை. ஓட்வாருக்கு அது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். அவன் எப்போதும் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டுதான் இருந்தான், ராசா." எல்லாரும் சின்னராசாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த மரியாதை முழுவதையும் வாங்கிக்கொண்டு அவர் குனிந்து இருந்தார்.

கோப்பிக் கோப்பையோடு கிருபன் வந்து எதிரில் அமர்ந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, எங்கடை ஆக்கள் செத்தவைக்கு வாசிக்கிறேல்லை எண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

"அது வந்து, தம்பி..."

"உங்கடை ஐயா செத்த நேரம் நீங்கள் இஞ்சை. சண்டை, பாதை பூட்டு. உங்களாலை வர ஏலாமல் போச்சு. எங்கடை அப்பாதான் வாசிச்சவர். ஷெல் அடிக்குது, சனம் அரைவாசி வரேல்லை, மழை வேறை. படலைக்கு வெளியிலை நிண்டு வாசிச்சவர். நானும் பக்கத்திலை நிண்டனான்."

கிருபன் கோப்பியை ஒரு மிடறு குடித்தான்.

"உங்கடை பேச்செல்லாத்துக்கும் நான் வந்திருக்கிறன். மிசிசிப்பியைப் பற்றிச் சொல்லுவியள், சிக்காகோவைப் பற்றிச் சொல்லுவியள். நல்லாத்தான் சொல்லுவியள், நானும் அழுதிருக்கிறன். இண்டைக்காவது எங்கடை கதையும் ஒரு வரி வரும் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். வராது. சரி, அடுத்த முறை சொல்லுவார் எண்டு எழும்பிப் போவன். இண்டைக்கு, நாங்கள் இருந்ததே இல்லையெண்டு ஆக்கிப்போட்டியள்."

கேக் தட்டோடு மக்டலீன் வந்துவிட்டாள். சின்னராசாவின் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்துப் பதறிப்போய், "என்ன, என்ன சொல்கிறார்?" என்று கிருபனிடம் கேட்டாள்.

கிருபன் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்தான். நல்ல நொர்ஸ்க்கில், "ஓட்வார் அருமையாகப் பாடினார் என்று சொன்னேன்" என்றான்.

"அழாதே, ராசா. அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்" என்று மக்டலீன் சின்னராசாவின் முதுகைத் தடவிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். உண்மையைச் சொல்ல அப்போதும் அவருக்கு ஒரு கணம் இருந்தது. அதையும் விட்டுவிட்டார்.

கிருபன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். பின்னேர வேலை இருந்தது. சின்னராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, பின்னாலேயே ஓடினார். படியில் வைத்துப் பிடித்தார்.

"கிருபன்."

"சொல்லுங்கோ அண்ணை."

மன்னிப்பு என்ற சொல்லைத்தான் கொண்டுவந்திருந்தார். அது வாய்க்கு வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"ஐயாவுக்கு... உன்ரை அப்பா எவ்வளவு நேரம் வாசிச்சவர்?"

கிருபன் கோட்டுப் பொத்தானைப் போட்டு முடித்தான்.

"சுடலை வரைக்கும் வந்து, கொள்ளி வைச்சு முடியுமட்டும் வாசிச்சவர். ஒரு இடத்திலையும் நிப்பாட்டேல்லை."